கம்ப்யூட்டருக்குத் தீனி தேடிக் கொல்லிமலைக்கு

பம்பாயில் நான் வேலை பார்த்த ஆராய்ச்சிக் கூடத்தின் கம்ப்யூட்டருக்கு ஞாபகசக்தி இரண்டு மடங்கானது. அதே வாரத்தில் நான் வீட்டுச் சாவியைத் தொலைத்தேன், பால்காரரின் பெயரை மறந்தேன், என் கல்யாண நாளையும் மறந்தேன். கடைசியாகச் சொன்னதற்காக நான்கு நாள் வீட்டில் உப்பில்லாத சாம்பார் கிடைத்தது.

கம்ப்யூட்டர் ஓர் அறை முழுக்க நிற்கும் இரும்பு அலமாரிகள். முன்பெல்லாம் அதற்கு ஞாபகம் போதாது. பெரிய கணக்கு ஒன்றைக் கொடுத்தால் பாதியில் நின்றுவிடும். புதிதாக வாங்கிப் பொருத்திய ஞாபகப் பெட்டியில் கடுகளவு காந்த வளையங்களைக் கம்பியில் கோத்துச் சட்டம் சட்டமாக அடுக்கியிருந்தார்கள். வாங்கியதும் எங்கள் பிரிவுத் தலைவருக்கு ஒரு கவலை வந்தது. இவ்வளவு இடத்தில் எதைப் போட்டு வைப்பது? கூட்டம் போட்டார். ஒருவர் ரயில் நேரங்களைப் போடலாம் என்றார், இன்னொருவர் மழைக் கணக்கு என்றார். நான் எழுந்து, இந்த வேகத்தில் ஞாபகம் பெருகினால் ஒரு ஜில்லா மக்களின் ஏழு தலைமுறையும் ஒரு பீரோவுக்குள் அடங்கிவிடும், யார் யாருக்கு என்ன உறவு என்று பொத்தானை அழுத்தித் தெரிந்துகொள்ளலாம் என்றேன். குழந்தை நிலாவைக் கேட்டால் சிரிப்பதுபோல எல்லோரும் சிரித்தார்கள்.

மனித குல ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. கொல்லிமலையில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறை என்றும், அதைக் கேட்டு வந்தால் எந்திரத்துக்கு நல்ல தீனி என்றும் சொன்னார். எங்கள் பிரிவில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் சென்னையில் பிறந்து வளர்ந்தவன், நான் ஏறிய ஒரே மலை பரங்கிமலை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது.

மலைமக்களுக்கு விளக்கிக் காட்ட, பழுதாகிப்போன வளையச் சட்டம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு அடிவாரத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். பாதி வழியில் பஸ் கொதித்து நின்றது. ஆண்கள் எல்லாம் இறங்கித் தள்ள வேண்டும் என்றார் கண்டக்டர். பக்கத்தில் குழந்தையோடு இருந்த அம்மாளிடம் சட்டத்தைக் கொடுத்துவிட்டு இறங்கித் தள்ளினேன். பஸ் கிளம்பியது. மற்றவர்கள் ஓடி ஏறினார்கள், நான் மட்டும் ஓடினேன். அடுத்த புளியமரத்தடியில் எனக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். மூச்சு வாங்க நான் உட்கார்ந்தபோது அந்த அம்மாள் சட்டத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இதுல எந்தத் தானியம் சலிப்பீங்க? ஓட்டை ரொம்பப் பொடிசா இருக்குதுங்களே."

"தானியம் இல்லை அம்மா. இதில் ஞாபகத்தைப் போட்டு வைப்போம்."

அவர் சட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார். குழந்தையைத் தூக்கி என் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றி உட்கார வைத்துக்கொண்டார்.

மலைமேல் பஸ் போகாது. ஒற்றையடிப் பாதையில் ஏற வேண்டும். அடிவாரத்து டீக்கடையில், மிளகு விற்க இறங்கி வந்திருந்த சடையன் என்பவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். ஐம்பதை நெருங்கிய, மெலிந்த மனிதர். ஆலத்தூர் நாட்டுக்காரர். மலையில் ஊர்க்கூட்டங்களை நாடு என்றுதான் சொல்கிறார்கள். என் தோல் ஷூவைப் பார்த்ததும் வழியிலேயே கற்றாழை நார் கொஞ்சம் உரித்து இடுப்பில் செருகிக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கால்வாசி மலை ஏறுவதற்குள் வலது ஷூவின் அடித்தோல் வாயைப் பிளந்தது. அந்த நாரால் சேர்த்துக் கட்டிவிட்டார். சற்று மேலே ஓர் ஓடையைத் தாண்டும்போது குறிப்புப் புத்தகம் நழுவித் தண்ணீரில் விழுந்து மையெல்லாம் கரைந்தது. இனி எல்லாவற்றையும் மண்டையில்தான் ஏற்றிக்கொள்ள வேண்டும். என் மண்டையைப் பற்றி முன்பே சொல்லிவிட்டேன்.

எதிரே நான்கு பேர் ஒரு மூங்கிலில் போர்வையைத் தூளியாகக் கட்டி, நோயாளி ஒருவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோம்.

"போன மழைக்கு நானும் இப்படித்தானுங்க எறங்குனேன், வகுத்து வலியில. வளப்பூர் நாட்டுப் பையன் வெள்ளையன் முன்கட்டையப் புடிச்சான். அடிவாரம் வரைக்கும் தோள் மாத்தலீங்க. வழுக்குப் பாறையில மத்தவங்க நின்னுபோட்டாங்க, அவன் மண்டி போட்டு நகந்தான். எம்மவ பாப்பாத்திய அவனுக்குத்தான் குடுக்கறதுன்னு இருக்கறமுங்க."

"எப்போது கல்யாணம்?"

"இன்னும் ஒரு நாட்டுல கூவோணுமுங்க."

கூவுவது என்ன என்று அவர் சொன்னார். மலையில் ஒரு கல்யாணம் பேசினால் மூன்று நாடுகளில் ஆட்கள் கூடும் இடத்தில் பெண், மாப்பிள்ளை பெயரைக் கூவிக் கேட்பார்களாம். இரண்டு வீடும் பங்காளி முறை என்று தெரிந்தவர்கள் அப்போதே சொல்லிவிட வேண்டும். ஆலத்தூரிலும் திண்ணனூரிலும் கூவியாகிவிட்டது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. வருகிற சந்தையன்று வளப்பூரில் கூவ வேண்டியதுதான் பாக்கி.

"யாராவது ஒருவர் பங்காளி என்று சொல்லிவிட்டால்?"

"அப்புறம் அவ அவனுக்குத் தங்கச்சிங்க. பேச்சு அன்னியோட போச்சு. ரெண்டு பேரும் அதுக்கப்புறம் ஒருத்தர ஒருத்தர் அப்படித்தான் பார்க்கோணும்."

இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? நான் சட்டத்தை எடுத்துக் காட்டி, இந்த வேலைக்காகவே எங்கள் எந்திரம் வரப்போகிறது, மலையின் எல்லாத் தலைமுறையும் அதற்குள் இருக்கும், இப்படிக் கூவிக்கொண்டு திரிய வேண்டாம் என்றேன்.

சடையன் யோசித்துவிட்டுக் கேட்டார்: "ஆரும் சொல்லாததக்கூட அது சொல்லிப்போடுமுங்களா?"

"சொல்லிவிடும்," என்றேன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அதன்பிறகு அவர் வேகமாக நடந்தார். பொழுது சாய்வதற்குள் வீடு சேர வேண்டும் என்ற அவசரம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் வீட்டில்தான் தங்கினேன். பாப்பாத்திக்கு இருபது வயதிருக்கும். தாயில்லாத வீட்டைத் தனியாக நடத்திக்கொண்டிருந்தாள். ராகிக் களியும் கீரையும் மிளகுத் துவையலும் வைத்தாள். களியை மெல்லக் கூடாது, உருட்டி விழுங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. நான் மென்றேன். அப்பாவும் மகளும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, மாடு அசைபோடுவதைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். துவையல் நன்றாக அரைபடாமல் மிளகு முழுசு முழுசாகப் பல்லில் மாட்டியது. கண்ணில் நீர் வழிய எட்டிப் பார்த்தேன். அம்மி அகலமான கருங்கல். குழவியோ எங்கோ ஓடையில் பொறுக்கிய கூழாங்கல். அளவு சேராமல் அம்மியின் பள்ளத்தில் வழுக்கிக்கொண்டே இருந்தது. ஒரு குழவி வாங்கக் கூடாதா என்று கேட்டேன்.

"இந்த அம்மிக்கு எந்தக் குழவியும் சேரலீங்க," என்றாள் பாப்பாத்தி.

மறுநாள் திண்ணனூர் நாட்டுக்குப் போனோம். பலா மரத்தில் ஏறிய மிளகுக் கொடியிலிருந்து காய் பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் சடையன் என்னை விட்டுவிட்டுக் கிழங்கு வாங்கப் போனார். அந்த அம்மாள் முதலில் என் முறையைத் தீர்த்துக்கொண்டார். சடையனோடு வந்தவன், அவரைவிட இளையவன், அவர் பங்காளி அல்ல. ஆகவே சடையனுக்கு மச்சான். சடையன் அவருக்கு அண்ணன் முறை என்பதால் நான் கேலி பேசத்தக்க ஆள். உடனே பேச ஆரம்பித்துவிட்டார். என் மூக்குக் கண்ணாடியைக் கேட்டார், என் தொப்பையில் எத்தனை மாதம் என்று கேட்டார். பம்பாயில் எங்கள் கட்டடத்தில் ஆறு வருஷமாக எதிர் வீட்டில் இருப்பவரின் பெயர் எனக்குத் தெரியாது. இங்கே ஒரு காலைப் பொழுதில் எனக்கு நாற்பது சொந்தக்காரர்கள் கிடைத்திருந்தார்கள், அத்தனை பேரும் என் தொப்பையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சடையன் வீட்டு வம்சத்தையும் அந்த அம்மாள்தான் சொன்னார். சடையனுடைய பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர். ஒரு பலா மரத்துக்காகச் சண்டை. அண்ணன் மரத்தை எடுத்துக்கொண்டான். தம்பி கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போகும்போது, அண்ணன் வீட்டில் இனி ருசியாக ஒன்றும் அரைக்கக் கூடாது என்று குழவியை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விட்டானாம். அண்ணன் வழியில் வந்தவர் சடையன்.

"தம்பி எங்கே போனார்?"

"அது தெரியலீங்க," என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் திடீரென்று மும்முரமாக மிளகு பறிக்கத் தொடங்கினார். பாவம், அவருக்கும் ஞாபகம் அவ்வளவுதான் என்று அனுதாபப்பட்டேன்.

அடுத்த நாள் தனியாக வளப்பூர் நாட்டுக்கு நடந்தேன். வழி தவறி ஒரு கிழங்குத் தோட்டத்தையே இரண்டு தடவை சுற்றினேன், இரண்டாவது தடவை அங்கிருந்த நாய்கூடக் குரைக்கவில்லை. வளப்பூரில் மாப்பிள்ளை வெள்ளையனின் பெரியப்பா கரியான் இருந்தார். மீசையும் சிடுசிடுப்புமாக இருந்த அவர் என்னை மச்சானாக ஏற்கவில்லை. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் மட்டும் நிறையப் போட்டார்.

"எங்க பாட்டன் பேரெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க?"

எந்திரத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் சட்டத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. நான் கை கழுவ வெளியே போனபோது, மாட்டுக்கு முளையடிக்க வைத்திருந்த ஒரு கல்லில் கால் தட்டியது. பார்த்தால் நல்ல கருங்கல் குழவி. வழவழவென்று தேய்ந்து, இரண்டு சாண் நீளத்தில் இருந்தது.

"இதன் அம்மி எங்கே?"

"இல்லீங்க. எங்க பாட்டன் ஒருத்தன் இங்க குடிவந்தப்ப இதை மட்டுந்தான் தூக்கிட்டு வந்தானாமுங்க."

"எங்கிருந்து?"

"மேக்கால இருந்து," என்று கையைப் பொதுவாக ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பி நடக்கும்போது, பாதி வழியில் என் மண்டையில் இரண்டும் ஒட்டிக்கொண்டன. நடுக்காட்டில் கைதட்டிக் குதித்தேன். மூன்று நாடுகளிலும் ஒருவருக்கும் தெரியாததை நான் கண்டுபிடித்துவிட்டேன். திண்ணனூரில் பாதிக் கதை, வளப்பூரில் பாதிக் கதை. இரண்டையும் ஓரிடத்தில் கொண்டுவந்து வைத்தால் பதில் தானாக விழுகிறது. கம்ப்யூட்டர் ஞாபகத்தின் எதிர்காலமே இதுதான். பேராசிரியர் என் முதுகைத் தட்டுவதையும், பிரிவுத் தலைவர் தம் நாற்காலியில் நெளிவதையும் நினைத்துக்கொண்டு ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்தேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் கால் தயங்கியது. அண்ணன் வழியில் பாப்பாத்தி, தம்பி வழியில் வெள்ளையன். இருவரும் பங்காளிகள். நான் கண்டுபிடித்தது ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்துவதற்கான காரணம்.

சாவியையும் பால்காரரையும் மறக்கிற எனக்கு இந்த ஒன்று மட்டும் மறக்கவே இல்லை. சாயங்காலம் பாப்பாத்தி விளக்குத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"மாமா, வளப்பூர் போயிட்டு வந்ததுல இருந்து எம்மூஞ்சியப் பார்க்க மாட்டீங்கறீங்க," என்றாள். அப்பாவின் மச்சான் ஆனதால் நான் அவளுக்கு மாமா.

"வழி தவறிவிட்டேன். களைப்பு."

அவள் சட்டத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். "இந்த வளையத்துல என்ன இருக்குமுங்க?"

"ஒவ்வொன்றிலும் ஆமாம் அல்லது இல்லை. அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான ஆமாம், இல்லை சேர்ந்தால் ஒரு கணக்கு, ஒரு பெயர், ஒரு வம்சம்."

"வெச்சது அப்படியே இருக்குமுங்களா?"

"இருக்கும். ஆனால் ஒரு வளையத்தைப் படித்தால், படிக்கும்போதே அதில் இருப்பது அழிந்துவிடும். அதனால் எந்திரம் படித்த கையோடு மறுபடியும் அதையே எழுதி வைத்துவிடும்."

இதைப் பெரிய விஞ்ஞானிகளுக்கே இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கும். அவள் ஒரு தடவைதான் கேட்டாள்.

"திரும்ப எழுதச் சொல்றது ஆருங்க?"

"நாங்கள்தான். எந்திரத்தைச் செய்கிறபோதே அப்படிச் செய்துவிடுகிறோம்."

"எழுதாம விட்டுட்டா?"

"போய்விடும்."

அவள் சட்டத்தை என் முன்னால் மெதுவாக வைத்தாள். "அப்ப நீங்க படிச்சது படிச்சதா இருக்கட்டும் மாமா. திரும்ப எழுதாம விட்டுடுங்க."

என்ன தெரிந்து சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. ஆய்வுக்கு வந்தவன் இப்படிக் கலங்கக் கூடாது என்று எனக்கே புத்தி சொல்லிக்கொண்டு, விளக்கின் புகையைக் குறை சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சந்தையன்று வளப்பூரில் நல்ல கூட்டம். பலாப்பழம், மலைவாழை, கிழங்கு, கீழ்நாட்டு உப்பு, கருவாடு. வெயில் ஏறியதும் ஊர்க்கவுண்டர் ஒரு பாறைமேல் ஏறி நின்றார். பேச்சு அடங்கியது.

"ஆலத்தூர் நாட்டுச் சடையன் மவ பாப்பாத்திக்கும், வளப்பூர் நாட்டு வெள்ளையனுக்கும் கண்ணாலம் பேசியிருக்குதுங்க. பங்காளி முறைன்னு அறிஞ்சவங்க இருந்தா இப்பச் சொல்லிப்போடுங்க. அப்புறம் சொன்னாச் செல்லாது."

ஒருவரும் பேசவில்லை. மூன்று தடவை கூவினார். மூன்று தடவையும் ஆட்டுக்குட்டிகள்தான் கத்தின. அப்பாடா என்று நான் மூச்சுவிட்டபோது அவர் என் பக்கம் திரும்பினார்.

"பம்பாய்க்காரரு மூணு நாட்டையும் சுத்தி எல்லா ஊட்டுக் கதையும் கேட்டிருக்காருங்க. அவரையும் ஒரு வார்த்தை கேட்டுப்போடறது நாயம்."

சந்தை முழுவதும் என்னைப் பார்த்தது. கரியான் மீசைக்கு மேலே இரண்டு கண்ணும் அசையாமல் என்மேல் இருந்தன. சடையன் தரையைப் பார்த்தார். வெள்ளையன் எங்கோ பின்னால் ஒரு வாழைத்தாரைத் தோளிலிருந்து இறக்கவும் மறந்து நின்றான். பாப்பாத்தி உப்புக்காரர் கடையில் ஒரு கல் உப்பை எடுத்து, அதை வைக்கவும் இல்லை, வாயில் போடவும் இல்லை. உண்மை, ஆராய்ச்சி, பேராசிரியர் என்று எனக்குப் பெரிய பெரிய சொற்களாக ஞாபகம் வந்தது. பயமாகவும் இருந்தது.

"எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை," என்றேன்.

"உங்க மெசினுக்குங்க?"

"அதற்கும் இல்லை."

கூட்டம் சிரித்தது. இதற்கா பம்பாயிலிருந்து வந்தார் என்று யாரோ சொன்னார்கள். ஊர்க்கவுண்டர் முறை தீர்ந்தது என்று அறிவித்து இறங்கினார். பாப்பாத்தி அந்த உப்பை வாயில் போட்டுக்கொண்டு அழுதாள். திண்ணனூர் அம்மாள் வந்து என் தொப்பைக்கு என்று ஒரு முழுப் பலாப்பழத்தைக் கொடுத்தார். அதில் முக்கால்வாசியை நானே தின்றேன். மலை முழுவதிலும் இந்த ரகசியத்தைச் சுமக்கிற ஒரே ஆள் நான்தான். அப்படிப்பட்டவன் எவ்வளவு தின்றாலும் தகும் என்று தோன்றியது.

மறுநாள் காலையில் இறங்கினேன். மிளகு மூட்டையோடு அடிவாரம் போகிற கரியான்தான் துணை. என் ஷூவில் நார் மட்டும்தான் மிச்சம் இருந்தது. முந்தின நாள் பலாப்பழம் வயிற்றில் இன்னும் விவாதித்துக்கொண்டிருந்தது. இறங்க இறங்க எனக்குத் தத்துவம் பிறந்தது. அடுத்த வருஷம் எங்கள் எந்திரத்தின் ஞாபகம் இன்னும் பெருகும். பத்து வருஷத்தில் ஒரு நாடு முழுவதும் அடங்கும். ஒரு காலத்தில் நாம் பேசியது, தின்றது, சண்டை போட்டது எல்லாமே எங்காவது ஒரு பெட்டிக்குள் இருக்கும், எதுவும் தொலையாது. அன்றைக்கு என்னைப்போல் வாயை மூடிக்கொள்ளும் பெருந்தன்மையை அந்தப் பெட்டிக்கு யார் கற்றுக்கொடுப்பார்கள்? அந்தப் பெருந்தன்மையை நினைக்க நினைக்க வாயில் அடக்க முடியவில்லை.

"தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதற்கும் ஒரு மனது வேண்டும் இல்லையா?" என்றேன், பொதுவாகச் சொல்வதுபோல.

கரியான் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: "குழவியச் சொல்றீங்களா?"

நான் நின்றுவிட்டேன். "உங்களுக்குத் தெரியுமா?"

"அந்தக் குழவி எந்த ஊட்டு அம்மியோடதுன்னு எங்கப்பன் சொல்லியிருக்காருங்க. திண்ணனூர்ல அந்த அம்மாளுக்குத் தெரியும். சடையனுக்குத் தெரியும். கவுண்டருக்குத் தெரியும். நேத்துச் சந்தையில நின்னவங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியுமுங்க."

"பிறகு கூவிக் கேட்டபோது ஏன் ஒருவரும் சொல்லவில்லை?"

"கேட்டப்ப ஆருக்கும் ஞாபகம் வரலீங்க," என்றார் கரியான். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். "உங்களுக்கு வந்துச்சுங்களா?"

"இல்லை," என்றேன்.

"பார்த்து வாங்க மச்சான், கல்லு வழுக்கும்," என்று சொல்லிவிட்டு மூட்டையை மறு தோளில் ஏற்றிக்கொண்டு முன்னால் இறங்கினார்.